அப்பாவின் பிக்கப்பும் பதினான்கு வோல்ட்டும்

எனக்கு உடன்பிறந்தவர்கள் இருவர். ஒருவன் தம்பி. மற்றது 1996ஆம் ஆண்டில் பதிவான ஒரு பிக்கப். "உனக்கு மூத்தவன்டி அவன்" என்று அம்மா சொல்வார். ஜப்பான் வண்டி, டீசல், ஒற்றைக் கேபின். நிறம் என்னவென்று கேட்டால் அப்பா வெள்ளை என்பார். அம்மா சாம்பல் என்பார். சிம்பாங் ரெங்கத்தின் கருத்த சதுப்பு மண்ணில் விளையும் அன்னாசி, மரவள்ளி, வாழைத்தார் எல்லாவற்றையும் அப்பா அதில்தான் ஏற்றுகிறார். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் ஓடி, ஜொகூர் பாருவில் பண்டான் மொத்தச் சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம் என்று நான் கடந்த தூரமெல்லாம் அந்த வண்டி ஓடிய தூரம் என்றால் அது மிகையாகாது.

"உன் துறையைப் பற்றித் தமிழில் எழுது" என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். நான் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. உண்மையைச் சொன்னால், மூன்று ஆண்டுகளில் நான் படித்தவற்றுள் சந்தேகமில்லாமல் புரிந்துகொண்ட பகுதி விரிவுரை மண்டபத்தில் கிடைக்கவில்லை. அந்த பிக்கப்பின் பானட்டுக்கு அடியில் கிடைத்தது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டிற்கு வந்திருந்தேன். விடியற்காலை மூன்றே முக்காலுக்கு அப்பா சாவியைத் திருப்பும் ஓசை கேட்டது. வழக்கமான உறுமல் வரவில்லை. 'டக்' என்று ஒரே ஓர் ஒலி. அம்மா, நான், தம்பி மூவரும் தூக்கக் கலக்கத்தோடு வண்டியைச் சரிவில் தள்ள, அப்பா கிளட்சை விட, வண்டி இருமிக்கொண்டே உயிர் பெற்றது. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பேத்ரி சூடா கோங்" என்று தீர்ப்பளித்தார். 'கோங்' என்ற அந்த ஒரு சொல்லில் நம் நாட்டு மூவினமும் ஒன்றுபட்டு நிற்பதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

நான் மின்பொறியியல் மாணவி அல்லவா? சிக்கல் எளிதாகத் தெரிந்தது. பகுதிநேர வேலையில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 320 வெள்ளிக்குப் புதிய பேட்டரி வாங்கிப் போட்டேன். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சந்தையில் நான்கு பேரிடம் சொன்னாராம். மூன்று வாரம் கழித்துத் தம்பி புலனத்தில் ஒரே வரி அனுப்பினான்: "இன்னிக்கும் தள்ளுனோம்."

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பேட்டரி என்பது ஒரு சேமிப்புத்தொட்டி. காலையில் வண்டியைக் கிளப்ப அதிலிருந்து மொண்டு எடுக்கிறோம். எடுத்ததைத் திருப்பி ஊற்றுவது ஆல்டர்னேட்டரின் வேலை. அப்பா அதை இன்னும் 'டைனமோ' என்றுதான் சொல்வார். அது தவறான பெயர் என்றாலும் வரலாறு உள்ள பெயர். பழைய கார்களில் டைனமோதான் இருந்தது. வண்டி நின்றபடி ஓடும்போது அது போதுமான மின்சாரம் தராது. சிலிக்கான் டையோடு வந்த பிறகுதான் நிலைமை மாறியது, 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வாலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்றது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். பெல்ட் சுழற்றச் சுழற்ற, நடுவில் ஒரு மின்காந்தம் சுற்றுகிறது. அதைச் சூழ்ந்த செப்புச் சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. டையோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. ரெகுலேட்டர் என்னும் சிறு கருவி அழுத்தத்தை ஏறத்தாழ 14 வோல்ட்டில் பிடித்து வைக்கிறது.

ஏன் 14? ஓய்வில் இருக்கும் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1. அதே பேட்டரி 12.2 காட்டினால் பாதி காலி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய வறண்டுவிட்டது. நிறைந்த தொட்டியில் மேலும் ஊற்ற வேண்டுமானால் அதைவிட உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். அதனால்தான் 13.8 முதல் 14.4 வரை. இந்த மூன்று நான்கு எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, முப்பது வெள்ளி மல்டிமீட்டர் ஒன்றையும் வைத்திருந்தால் பாதி மருத்துவர் ஆகிவிடலாம். நானோ எண் எதையும் பார்க்காமல் மருந்து வாங்கிக் கொடுத்தவள்.

அடுத்ததாக, பழைய டீசல் வண்டிகளுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. பெட்ரோல் வண்டிக்குத் தீப்பொறி வேண்டும். மின்சாரம் தீர்ந்தால் நடுவழியில் நின்று தன் நோயைச் சொல்லிவிடும். டீசலோ அழுத்தத்தின் சூட்டிலேயே எரிவது. அந்தக் காலத்து எந்திரப் பம்ப் வண்டிகளில் எரிபொருளைத் திறந்து வைக்கும் ஒரு சிறு வால்வுக்கு மட்டும் மின்சாரம் கிடைத்தால் போதும். மின்னூட்டம் சரியாக நடக்காவிட்டாலும் வண்டி ஜோராக ஓடும். "ஓடுதே, நல்லாத்தானே இருக்கு" என்று நாமும் நம்புவோம். மறுநாள் விடியற்காலைதான் உண்மை தெரியும். டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கிறதே என்பீர்கள். எங்கள் வண்டியில் அது சாவியைத் திருப்பியதும் எரிந்தது. இன்ஜின் ஓடியதும் அணைந்தது. எந்தக் குறையும் சொல்லவில்லை. அந்த விளக்கு ஆல்டர்னேட்டர் மின்சாரம் உற்பத்தி செய்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். உற்பத்தியானது பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. எனக்கும் அப்போது அது தெரியாது.

டிசம்பரில் அப்பா வண்டியை ஒரு போர்மேனிடம் கொண்டுபோனார். மதியம் பன்னிரண்டு மணி. அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார்: 13.5. "ஓகே லா, சார்ஜ் மாசோக்" என்றார். உண்மைதான், அந்த நேரத்தில் மின்னூட்டம் போய்க்கொண்டுதான் இருந்தது. இன்னொருவர், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். நான் தொலைபேசியில் கத்தியே அதை நிறுத்தினேன். பல பட்டறைகளில் இன்றும் நடக்கும் சோதனை இது. டீசல் வண்டியில் அது எதையும் நிரூபிப்பதில்லை. பேட்டரி இல்லாதபோது அழுத்தம் திடீரென்று எகிறி, நல்ல டையோடையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும்.

பிறகு ஆல்டர்னேட்டரையே கழற்றிச் சோதித்தார்கள். அந்தக் காலத்து ஹைலக்ஸ், இசுசு போன்ற டீசல் பிக்கப்புகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு வெற்றிடப் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக்கை இலகுவாக்குவது அந்த வெற்றிடம்தான். அதற்கு இன்ஜின் எண்ணெயும் குழாய் வழியே போகும். அதாவது, மின்சாரத்தைச் சந்தேகித்துக் கழற்றினால் பிரேக்கிலும் கைவைத்தவர்கள் ஆகிறோம். எங்கள் வண்டியிலும் அப்படியே. கூலி, சீல், எண்ணெய் என்று 180 வெள்ளி. சோதனைமேசையில் ஆல்டர்னேட்டர் 14.2 காட்டியது. நலமாக இருந்த ஒன்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, தையல் போட்டுத் திருப்பி அனுப்பினோம். நான் வாங்கிய பேட்டரியோ அடிக்கடி வறண்டதால் தகடுகளில் சல்பேட் படிந்து, இதற்குள் பாதி உயிரை இழந்திருந்தது.

இந்த இடத்தில்தான் அம்மா ஒரு சேதி சொன்னார். அப்பா இப்போதெல்லாம் நான்கு மணிக்குப் போவதில்லையாம். வெளிச்சம் வந்த பிறகு, ஏழு மணி வாக்கில்தான் கிளம்புகிறார். அந்த நேரத்துக்குச் சந்தையில் நல்ல விலை போயிருக்கும். மிஞ்சியவர்கள் சொல்லும் விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். காரணம் கேட்டால் "மழைம்மா" என்கிறாராம். கூலாய்ப் பக்கம் வண்டிகளை வெட்டி விற்கும் ஒரு கடையில் இந்த பிக்கப்புக்கு என்ன தருவீர்கள் என்றும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். வடகிழக்குப் பருவமழை எங்களுக்குப் புதிதல்ல. அப்பா மழைக்கு அஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் வண்டிதான் அவரைச் சலிக்க வைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டிற்கு வந்ததும், மீட்டரும் கையுமாக உட்கார்ந்து அப்பாவுக்கு விளக்க முயன்றேன். அப்போதுதான் மொழி என்னைக் கைவிட்டது. 'வோல்டேஜ் டிராப்' என்று விரிவுரையாளர் சொல்லித்தந்தது ஆங்கிலத்தில். அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் படித்த இடைநிலைப்பள்ளியில் எல்லாம் 'வோல்தான்', 'ரிந்தாங்கான்'. இவற்றை அப்பாவிடம் சொன்னால் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலின் பொருள் எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தை நினைத்துக்கொண்டேன். ஆசிரியை இரண்டு டார்ச் பேட்டரி, ஒரு சிறு பல்பு, கொஞ்சம் வயர் வைத்து 'மின்சுற்று' காட்டினார். மின்னழுத்தம், மின்தடை. சொற்களிலேயே பொருள் இருந்தது.

"அழுத்தம்ப்பா. தண்ணிக்கு இருக்குற மாதிரி கரண்டுக்கும் ஓர் அழுத்தம் இருக்கு. டைனமோகிட்ட அது நல்லா இருக்கு. பேட்டரிக்கு வரும்போது பத்தல."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நம்ம தோட்டத்துல பம்ப்கிட்ட தண்ணி பீச்சி அடிக்குது, பாத்தியில சொட்டுதுன்னா, பம்ப்பையா கழட்டுவ? நடுவுல பைப்பு எங்க அடச்சிருக்குன்னு பாப்ப."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பம்பைக் கழற்ற 180 வெள்ளி கொடுத்தவர்கள் நாங்கள். பைப்பை யாரும் பார்க்கவில்லை.

"அதோட பாப்பா, எல்லாரும் மத்தியானந்தான் பாக்குறாங்க. அது கெட்டுப்போறது காலையில நாலு மணிக்கு."

மறுநாள் விடியற்காலை நான்கு மணி. தூறல். வண்டியை வீட்டு வாசலில் ஓட விட்டு, அப்பா சந்தைக்குப் போகும்போது எதையெல்லாம் போடுவாரோ அதையெல்லாம் போடச் சொன்னேன்: முகப்பு விளக்கு, துடைப்பான், கண்ணாடிப் பனியை ஓட்டும் காற்றாடி. ஒல்லியான தங்கச்சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு, துப்பட்டா இல்லாமல், ஓடும் பெல்ட்டுக்கு எட்ட நின்று அளந்தேன். ஆல்டர்னேட்டரின் வெளிவாயிலில் 14.2. பேட்டரியில் 12.5. மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் வாயிலிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தேன். 1.7 வோல்ட். இந்த இடைவெளியில் கால் வோல்ட்டுக்குமேல் தொலையக்கூடாது.

மதியச் சோதனை ஏன் ஏமாற்றியது என்பதும் அப்போது விளங்கியது. அடைப்பில் தொலையும் அழுத்தம், ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. விளக்கும் துடைப்பானும் இல்லாத பகலில் ஓடுவது கொஞ்சம். தொலைவதும் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். பேட்டரியில் 13.5 தெரியும். இரவில் மழையில் எல்லாம் ஒன்றாக இழுக்கும்போதுதான் அடைப்பு தன் முழு வேலையைக் காட்டுகிறது. பல வண்டிகளில் ரெகுலேட்டருக்குப் பேட்டரியிலிருந்தே ஒரு தனி வயர் வந்து சேதி சொல்லும். அது குறையைச் சற்று ஈடுசெய்யும். எங்கள் வண்டியின் ரெகுலேட்டருக்கு அந்த வசதி இல்லை. அது தன் வாயிலையே அளந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்திருக்கிறது. ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயர் பேட்டரியிலிருந்து நேராகப் போவதால் இந்த அடைப்பு அதைப் பாதிப்பதில்லை. பேட்டரி நிறைந்திருந்த நாள்களில் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டதற்கு இதுதான் காரணம்.

மீட்டரின் முனையை வயரின் மேல் படிப்படியாக நகர்த்திக்கொண்டே வந்தேன். மெயின் பியூஸ் பெட்டியில் அந்த வயர் திருகப்பட்டிருக்கும் இடத்தைத் தாண்டியதும் எண் குதித்தது. இன்ஜினை நிறுத்தி, விரலால் மெல்லத் தொட்டேன். சுட்டது. 1.7 வோல்ட்டும் இருபத்தைந்து ஆம்பியரும் சேர்ந்தால் நாற்பது வாட்டுக்கு மேல். பழைய அறை பல்பு ஒன்றின் சூடு அந்த ஒரு திருகின் தலையில் இத்தனை மாதம் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது, வயரின் முனை பச்சை பூத்திருந்தது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கருகிய முனையை வெட்டி, அன்று கடை திறந்ததும் புது முனையும் பியூஸும் வாங்கிப் போட்டோம். மொத்தம் 18 வெள்ளி. 320, 180, கடைசியில் 18.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருக்கக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சிக்கல்தான் உங்களுக்கும் இருக்க வேண்டுமென்பதில்லை. முதலில் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். தளர்ந்த பெல்ட் விளக்கைப் போட்டதும் கீச்சிடும். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். இன்ஜின் இணைப்பும் உடல் இணைப்பும் அப்படியே. ஓடும்போது மீட்டரை மாறுதிசை அளவுக்கு மாற்றிப் பேட்டரியில் வைத்தால், அரை வோல்ட்டுக்குமேல் காட்டும் ஆல்டர்னேட்டரில் டையோடு போயிருக்கலாம். ஓட்டாமல் நிறுத்தி வைத்தே வண்டி வறண்டால், எதிர்முனைக்கும் அதன் வயருக்கும் நடுவே மீட்டரை இட்டு கசிவை அளக்கலாம். 50 மில்லி ஆம்பியருக்குமேல் இருந்தால் எதுவோ தூங்காமல் குடித்துக்கொண்டிருக்கிறது. மறந்தும் மீட்டர் அங்கே இருக்கையில் சாவியைத் திருப்பாதீர்கள். நான் ஒரு மீட்டரை அப்படித்தான் இழந்தேன்.

அன்றிரவு இருட்டிய பிறகு அப்பாவை வண்டியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் போடச் சொன்னேன். பேட்டரியில் 14.0. எதிர்வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை பளிச்சென்று தெரிந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட்டு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சா, பாப்பா?"

"இப்படித்தான்ப்பா இருந்திருக்கணும்."

"நான் கண்ணுன்னு நெனச்சேன்."

அவர் சொன்னது எனக்கு உடனே புரியவில்லை. அப்பாவுக்குப் பத்து ஆண்டுகளாக இனிப்புநீர். அவருடைய மூத்த சகோதரருக்கு அதனாலேயே பார்வை போனது. தோட்டப் பாதையில் பள்ளம் தெரியாமல் இரண்டு முறை சக்கரத்தை இறக்கியிருக்கிறார். ஒருமுறை மாட்டின் மீது மோதப் பார்த்திருக்கிறார். நமக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல், நான்கு மணிப் பயணத்தை நிறுத்தி, வண்டியை விற்க விலையும் கேட்டிருக்கிறார். சொன்னால் நான் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பேன் என்று பயந்தாராம்.

இழை பல்புகளுக்கு ஓர் இயல்பு உண்டு. அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும். அதுவும் ஒரே நாளில் குறையவில்லை. திருகு கருகக் கருக, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக. அப்படிக் குறையும் ஒளியைப் பார்க்கும் எவருக்கும் விளக்கின் மேல் சந்தேகம் வராது. இதை அப்பாவுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப கண்ணு நல்லாருக்கு" என்று இறங்கப் போனார்.

நான் விடவில்லை. மதியம் 13.5 என்று கேட்டு நம்பியவள்தானே நானும். அந்த வாரமே சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அங்கே கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். இடது கண்ணில் ஆரம்ப நிலை மாற்றம் தெரிகிறது என்றார் மருத்துவர். பார்வையை இன்னும் தொடவில்லை, சர்க்கரையைக் குறைக்க வேண்டும், ஆண்டுதோறும் படம் எடுக்க வேண்டும். அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. ஒட்டுக்கடையில் நிறுத்தி, தேத்தண்ணி வாங்கினார். சீனி போடாமல். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தார்.

இப்போது மீண்டும் நான்கு மணிக்குத்தான் கிளம்புகிறார். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றைப் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் இரண்டு எண்கள் சொல்வார். போன வாரம் வண்டி பதினாலு புள்ளி ஒன்று, சர்க்கரை வெறும் வயிற்றில் ஒன்பது. நான் இரண்டாவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் முதலாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.